சித்தப்பாவின் ஸ்பிரிங்கும் அப்பாவின் முதுகும்

நான் குண்டாக இருந்ததற்காக என்னை ஒருவர் மெச்சியது அந்த ஒரு வருஷம்தான். மெச்சியவர் சித்தப்பா. கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை. லீவு நாட்களில், கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நெல் கொட்டகையில் இரும்புக் குழாய்களை வெல்டு வைத்து ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. இரண்டு ஆள் சேர்ந்தால் முன்பக்கத்தைத் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு.

வண்டி ஓடியது. உட்காரத்தான் முடியவில்லை. ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் போடு, நாலு மூட்டை ஏற்றினாலும் தாங்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அண்ணன் சொல்லைத் தட்டாத சித்தப்பா பழைய வேன் ஒன்றில் கழற்றிய தடிச் சுருள்களை மாட்டிவிட்டார். அத்தனை லேசான வண்டிக்கு அவை மசியுமா? வாய்க்கால் பாதையில் சின்னக் கல் பட்டாலும் தவளை மாதிரித் தாவியது. பக்கத்தில் உட்கார்ந்து போன அப்பாவுக்கு டிராக்டர் ஓட்டித் தேய்ந்த முதுகு. தைலத்தோடு கட்டிலில் விழுந்தார்.

எழுந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

“அறுப்புக்குக் கொட்டாய் வேணும். அதுக்குள்ள எம் முதுகு நோகாம வாய்க்கா வரைக்கும் போயிட்டு வந்தா வண்டி இருக்கட்டும். இல்லீன்னா பழைய இரும்புக்காரனுக்குத்தான்.”

கெட்டியாகப் போடச் சொன்னது யார் என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

பயந்துபோன சித்தப்பா அடுத்து ஸ்கூட்டர் ஸ்பிரிங்கை மாட்டினார். ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் வயிறு தரையைத் தொட்டது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அதன் பிறகுதான் எனக்கு மவுசு வந்தது. வேன் சுருள்களையே திரும்ப மாட்டி, நெல் நிறுக்கும் தராசில் என்னையும் தம்பியையும் நிறுத்து, மாற்றி மாற்றி வண்டியில் உட்காரவைத்து, எத்தனை எடைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று டேப்பால் அளந்தார் சித்தப்பா. ஒல்லித் தம்பி ஏறினால் ஒன்றும் அசையாது. நான் ஏறினால் ஸ்பிரிங் மரியாதையாகத் தலை குனியும். எனக்குப் பெருமை தாங்கவில்லை; அந்த நாட்களில் சோறு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். கடைசியில் கோயமுத்தூரில் சொல்லி, அளவாக மெல்லிய கம்பியில் புதுச் சுருள்கள் சுற்றி வாங்கி வந்தார்.

அறுவடைக்கு முந்தின வாரம் அப்பா ஏறினார். வண்டி வாய்க்கால் வரை போய்த் திரும்பியது. இறங்கியவர் பழக்கத்தில் இடுப்பைப் பிடித்தார், பிறகு கையை எடுத்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். சித்தப்பாவும் பின்னாலேயே சுற்றி வந்தார்.

“தென்னைக்கு உரம் வாங்கோணும். கொல்லங்கோட்டுக்கு இதுலயே போயிட்டு வந்தர்லாம்” என்றார் அப்பா.

“உரம் நேத்தே வாங்கியாச்சுங்களே அப்பா” என்றேன் நான்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ளு என்று நான் கேட்பதற்குள் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. சித்தப்பா சிரிப்பது வரப்பு வரைக்கும் கேட்டது.

பொழுது சாய்ந்து திரும்பினார்கள். தலையெல்லாம் செம்மண், கையில் உரம் இல்லை. கடை பூட்டியிருந்தது, நாளைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. மறுநாளும் பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. இப்படி நாள்தோறும் கடையைப் பூட்டிவைத்தால் அந்த உரக்கடைக்காரர் எப்படித்தான் பிழைப்பார் என்று எனக்கு மெய்யாகவே கவலையாக இருந்தது.