ஒரே கிளையில் வேறு வேறு தேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது கல்யாண முருங்கைப் பூவின் தேன். அதில் என்னென்ன சர்க்கரை, எந்த அளவில் இருக்கிறது என்று கண்டு எழுத வேண்டும். மாலையில் கல்லூரி வளாகத்து மரத்தில், பறவையும் பூச்சியும் தேனைத் தொடாதபடி மொட்டுகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிட்டு வருவேன். காலையில் கண்ணாடிக் குழாயால் தேனை எடுப்பேன். ஆய்வகத்தில் அதைத் தாளில் சொட்டு வைத்து, திரவத்தில் ஊறவிட்டு, மருந்து தெளித்துச் சூடு காட்டினால் ஒவ்வொரு சர்க்கரையும் தனிப் புள்ளியாகத் தெரியும்.

புள்ளிகள் ஒத்துப்போகவில்லை. ஒரே கிளை, பக்கத்துப் பக்கத்துப் பூக்கள். ஒன்றில் கரும்புச் சர்க்கரை அழுத்தமாக நின்றது. அடுத்ததில் தடமே இல்லை.

பேராசிரியர் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையைக் கழுவிட்டுத்தானேம்மா தொடுறீங்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

சோப்புப் போட்டுப் போட்டு விரல் நுனிகள் வெடித்தன. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நடப்பேன். "ஒரு இடத்துல உக்காரேண்டி," என்பாள் அம்மா. மின்ரயிலில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவேன். வழிநெடுக வேலிகளில் கல்யாண முருங்கை சிவப்பாகப் பூத்திருந்ததைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

பக்கத்து மேஜையில் வேலை செய்த தோழிதான் ஒருநாள் பொறுக்காமல் சொன்னாள். "ஒவ்வொரு பூவோட தேனையும் ரெண்டாப் பிரி. பாதி எனக்குக் குடு. எந்தப் பூன்னு சொல்லாத, நம்பர் மட்டும் போடு. நான் தனியா செஞ்சு பாக்குறேன்."

இரண்டு பேருடைய தாள்களையும் அருகருகே வைத்தோம். அவள் தாளிலும் அதே வேறுபாடுகள், அதே வரிசையில்.

"உன் கை இல்லடி, பூதான்," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பேராசிரியர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மரத்தடிக்கு வந்து, தானே தேன் எடுத்து, தானே சொட்டு வைத்தார். தாள் காய்ந்தபின் அவருடைய புள்ளிகளும் பூவுக்குப் பூ மாறித்தான் இருந்தன.

"சராசரி போட்டுடாதீங்க. பூ பூவாப் பிரிச்சு எழுதுங்க," என்றார்.

அப்படியே எழுதினேன். வாய்மொழித் தேர்வில், ஒரே மரத்தின் சாறு பூவுக்குப் பூ ஏன் மாறுகிறது என்று கேட்டார்கள்.

"தெரியல சார்," என்றேன்.

தேறிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை வீட்டில் இருக்க விடவில்லை. அடுத்த பருவத்தில் மரம் மொட்டு விட்டதும், யாரும் கேட்காமலே துணிப்பைகளை எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன்.