வடபுறத்து வரிசை

எங்கள் குடும்பத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள மொத்தமே ஒரு ஆள்தான் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், முடிச்சூர்ப் பக்கம் இருந்த தன் நிலத்தைச் சபைக்குக் கல்லறைத் தோட்டமாக எழுதிவைத்த எள்ளுத்தாத்தா. அவருக்குப் பின்னால் வந்த நாங்கள் யாரும் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. அதனால் அந்த ஒரு தானத்தை வைத்தே தலைமுறை தலைமுறையாக ஓட்டிக்கொண்டிருந்தோம். கல்யாண வீடுகளில் என்னை "தோட்டம் குடுத்தவங்க வம்சம்" என்று அறிமுகப்படுத்துவார்கள். நேற்றுக் காலையில் நானே போய்ப் பத்திரம் எழுதிவிட்டு வந்ததுபோல் அடக்கமாகத் தலையை ஆட்டுவேன்.

அந்தத் தோட்டத்தில் வடக்கு ஓரத்து வரிசை எங்கள் குடும்பத்துக்கு என்பது பழக்கம். ஆறு வருடத்துக்கு முன் சித்தியை அங்கேதான் அடக்கம் செய்தோம். பக்கத்தில் ஓர் இடம் காலி. அது சித்தப்பாவுக்கு என்று சொல்லிவைத்திருந்தோம். போன வருடம் கல்லறைக் கமிட்டி ஒரு விதி கொண்டுவந்தது. இனி யாருக்கும் தனி வரிசை கிடையாது, வரிசைப்படி அடுத்த குழி யாருக்கு வருகிறதோ அவருக்கு. பழைய உரிமை இருக்கிறது என்பவர்கள் ஆதாரம் காட்டலாம்.

சித்தப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. சேலையூர் ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அம்பது வருஷம் அவ குறட்டையக் கேட்டே தூங்கினவன்டா நான். வேற எடத்துல படுத்தா எனக்குத் தூக்கம் வருமா? நீ சும்மாதானே இருக்க, போய்த் தாத்தா உயிலத் தேடி எடு."

சும்மாதான் இருந்தேன். மறுக்க முடியவில்லை.

எள்ளுத்தாத்தாவின் உயில் செல்லும் என்று அந்தக் காலத்து நீதிமன்றம் கொடுத்த சான்று, அதாவது புரொபேட், வீட்டில் இல்லை. அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் ஞானஸ்நானச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் வழக்கு எண்ணைக் குறித்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நாலு மாதம் செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினேன். மனு போட்டேன், ஸ்டாம்பு ஒட்டினேன், நாள் வாங்கினேன். கடைசியில் அந்த வழக்குக் கட்டு வந்தது. அவிழ்த்ததும் வெள்ளிப்பூச்சிகள் நாலாபக்கமும் ஓடின. ஒன்று என் சட்டைக் கைக்குள்ளேயே போய்விட்டது. செத்த எலி வாசம் வேறு. இதெல்லாம் அருவருப்பு என்று அப்போது நினைத்தேன். அது வெறும் முன்னுரைதான்.

உயிலின் முதல் பக்கம் தேன். நிலத்தைச் சபைக்குக் கொடுத்ததும், வடபுறத்து வரிசை தன் சந்ததியாருக்கே என்பதும் தெளிவாக இருந்தன. எனக்குக் கண் கலங்கியது. படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

தோட்டத்தின் நடுவில் ஆள் உயரச் சுவர் எழுப்ப வேண்டும் என்றிருந்தது. சேரியிலிருந்து வேதத்துக்கு வந்த ஜனத்தைச் சுவருக்குத் தெற்கேதான் புதைக்க வேண்டும். சுவரில் வாசல் வைக்கக் கூடாது. மீறினால் நிலம் குடும்பத்துக்கே திரும்பும். அதற்கு அடுத்த வரியில், தன்னுடைய சீமை நாய் செத்தால் வடபுறத்தில் தன் காலடியில் புதைக்கும்படி கேட்டிருந்தார்.

அந்தச் சுவர் எனக்குத் தெரியும். அது எதற்கு என்று சின்ன வயதில் கேட்டபோது அப்பா, "நாய் வராம இருக்க" என்றார். நாய் உள்ளேதான் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் அந்தச் சுவர் சரிந்தபோது, அதைத் திரும்பக் கட்ட நன்கொடை கேட்டுச் சபையில் எழுந்து பேசியவன் நான். நம் பாரம்பரியம், முன்னோரின் கைவண்ணம் என்று இருபது நிமிடம் விளாசினேன். பாதியில் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். டீ வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துப் பேச்சைச் சுருக்கிக்கொண்டேன். சுவரை யாரும் கட்டவில்லை. மிஞ்சிய கல்லில் குழாயடி கட்டினார்கள். எனக்கு அதில் வருத்தம்கூட இருந்தது.

அன்றைக்கு ரயிலில் வரும்போது கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும் பிளாட்பாரக் குழாயில் மூன்று தடவை கழுவினேன். போகவில்லை.

சித்தப்பாவிடம் இரண்டாம் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்த சலனம்கூட இல்லை.

"தெரியும்டா. எங்கப்பா சொல்லியிருக்காரு. மொத பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் குடு, போதும்."

ஜெராக்ஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போய் முதல் பக்கத்தை மட்டும் எடுக்கவும் எடுத்தேன். தெருமுனை வரை வந்து, திரும்பப் போய் இரண்டாவதையும் எடுத்தேன். கடைக்காரர், "சார், முதல்லயே சேத்துக் குடுத்திருக்கலாம்ல?" என்றார்.

கமிட்டிச் செயலாளர் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். சபையில் எல்லோருக்கும் டீச்சர். அவர் ஜனமெல்லாம் தெற்கே கிடப்பவர்கள். இரண்டு பக்கத்தையும் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"எழுத்து அழகா இருக்கு சார்."

"டீச்சர், நான் அன்னைக்கு அந்தச் சுவரப் பத்திப் பேசினது…"

"நானும்தான் உக்காந்து கேட்டேன். உங்களுக்குத் தெரியலன்னு சொன்னேன், வீட்டுல யாரும் நம்பல."

பிறகு சித்தப்பா விஷயத்துக்கு வந்தார். "ஆதாரம் கேட்டோம்தான், ஆனா சுவர் கட்டச் சொல்ற உயில் வச்சு எடம் குடுக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே ரூல். இப்போ அடுத்த குழி தெற்கால வருது, எங்கம்மாவுக்குப் பக்கத்துல. நல்ல எடம் சார், வேப்பமரம் இருக்கு." வயதானவர்களுக்கு முன்கூட்டியே நிரப்பும் படிவம் ஒன்றைக் கொடுத்தார்; அதை நிரப்பிக் கொடுத்தால் அந்தக் குழி அவர்கள் பேரில் குறிக்கப்படும். அடக்கம் செய்யப்போகிற உறவினர் கையெழுத்துப் போட வேண்டும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தி பக்கத்தில் கிடைக்காது என்றதும் உடைந்துபோவார் என்று பயந்து, பக்கத்திலேயே தண்ணீர் வைத்திருந்தேன். அவர் உடையவில்லை.

"சரி விடு. அப்போ யார் பக்கத்துல?"

"டீச்சரோட அம்மா பக்கத்துல."

ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்ன எரிச்சிருங்கடா."

"சித்தப்பா?"

"கரண்டு சுடுகாடு இருக்குல்ல? எரிச்சு, சாம்பல எங்கயாவது கொட்டு. அங்க வேணாம்."

எண்பத்திரண்டு வருடம் உயிர்த்தெழுதலை நம்பி, ஒரு ஞாயிறு விடாமல் முன்வரிசையில் உட்கார்ந்தவர். குறட்டை, தூக்கம் எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. எனக்கு நிஜமாகவே வாயில் புளிப்பு ஏறியது. எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் காபி போட்டுக்கொண்டுவந்தார், நானும் குடித்தேன், சர்க்கரை போதுமா என்றதற்குப் போதும் என்றேன். என் புரட்சி எப்போதும் அந்த அளவில்தான் நிற்கும்.

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்தேன். எரிப்பது, புதைப்பது என்று இரண்டு கட்டம். புதைப்பது என்பதில் டிக் போட்டேன். இடம் என்ற இடத்தில் 'வரிசைப்படி' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மறுநாள் காலையிலேயே டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.