நான் எண்ணாமல் விட்ட நாள்

பொய் கலந்து சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை, அன்பானவர்களே. இந்த வருடத்தில் பாதி நாள் நான் ஆண்டவரோடு கோபமாகத்தான் இருந்தேன்.

டிசம்பரில் என் கணவர் செல்வராஜாவுக்குப் பக்கவாதம் வந்தது. பஸ் ஓட்டியவர். வலது கை விழுந்தது, பேச்சும் நின்றது. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கும், பதில் மட்டும் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சிலருக்கு எண்கள்தான் முதலில் திரும்பி வரும், தினமும் சேர்ந்து எண்ணுங்கள் என்றாள். நான் ஒன்று, இரண்டு என்று தொடங்கினால் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். உபவாசம் இருந்தேன், சபையும் ஜெபித்தது. ஒன்றும் நடக்கவில்லை. "பொறுமையாய் இரு" என்று சொல்ல வந்தவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே மனுரேவாவில் நான் வேலை செய்யும் கிடங்கில் மிரியம் என்று ஒரு யூதப் பெண் இருக்கிறாள். ஏப்ரலில் அவள்தான் தங்கள் வழக்கத்தைச் சொன்னாள். பஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவு தொடங்கி நாற்பத்தொன்பது நாள், பொழுது பட்டதும் எழுந்து நின்று, இன்று இத்தனையாம் நாள் என்று வாய்விட்டுச் சொல்வார்களாம். வாரத்துக்கு ஒரு நற்குணத்தை எடுத்து மனதைச் சோதிப்பார்களாம். எகிப்திலிருந்து புறப்பட்ட சனம் சீனாய் மலைக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. ஒரு நாள் முழுவதும் தவறினால், பிறகு எண்ணலாம், ஆனால் அதற்குரிய ஆசீர்வாத ஜெபத்தைச் சொல்லக் கூடாதாம்.

எப்படியும் எண்ணத்தானே சொன்னார்கள், இதையாவது எண்ணுவோம் என்று நானும் தொடங்கினேன். தினமும் பொழுது பட்டதும் இவருடைய கட்டிலருகே நின்று நாளைச் சொல்லி, எங்கள் முறையில் ஜெபித்தேன். முதல் வாரம் அன்பு. இரண்டாம் வாரம் அடக்கம், அதில் நான் தினமும் தோற்றேன். நான்காம் வாரம் விடாமல் நிலைத்திருப்பது.

அந்த வாரத்தில்தான் நான் விட்டேன். வேலை முடிந்து வந்து கஞ்சி ஊட்டினேன். இடது கையால் தட்டிவிட்டார். கஞ்சி முழுவதும் என் உடுப்பில்.

"ஒரு சொல்லாவது சொல்லுங்கோவன்! எனக்கு விசர் பிடிக்குது!" என்று கத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அன்று எண்ணவில்லை, ஜெபிக்கவும் இல்லை. மறுநாள் பகலிலும் இல்லை. மிரியத்திடம் போய், "எல்லாம் போச்சு" என்றேன். "இன்று மாலை எண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை வேண்டாவெறுப்பாக நின்றேன். முந்தாநாள் சொன்னது இருபத்தைந்து.

"இண்டைக்கு இருபத்தாறு" என்றேன்.

கட்டிலிலிருந்து ஒரு உறுமல். இவர் தலையை ஆட்டினார். முகம் சிவந்துவிட்டது.

"இரு... இருபத்தேழு."

ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சொல், அதுவும் என் பிழையைத் திருத்த! என்னைத் திருத்துவதென்றால் அவருக்கு எப்போதுமே அல்வா சாப்பிடுகிற மாதிரி. நான் கோபத்தில் விட்ட நாளை, அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடி மனதுக்குள் எண்ணியிருக்கிறார். தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் ஜெபிக்காத நாளிலும் ஆண்டவர் எங்களைக் கணக்கில் வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

நாற்பத்தொன்பதாம் நாளை அவரே சொன்னார். பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை, கையும் அப்படியேதான். நானும் சாதுவாகிவிடவில்லை. ஆனால் கோபம் வந்தால் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு போவதில்லை, அங்கேயே நின்று அதையும் ஆண்டவரிடம் சொல்கிறேன். ஒரு நாள் ஜெபிக்காமல் விட்டுவிட்டேன், இனி எல்லாம் போச்சு என்று இருக்கிறீர்களா? இன்று மாலை திரும்ப எழுந்து நில்லுங்கள். அவர் உங்களை விட்டுவிடவில்லை.

நேற்று சாப்பாட்டு மேசையில் இவர், "உப்பு... காணாது" என்றார்.

"அப்ப நீங்களே சமையுங்கோ" என்றேன். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து போட்ட சண்டை. ஆண்டவரே, ஸ்தோத்திரம்.