ஆறு குழியும் ஓர் உபவாசமும்

செஞ்சியில் ஜ்வாலாமாலினி என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். பூச்செடி வீட்டம்மா என்று கேட்டால் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வழி காட்டுவார்கள். காய்ந்த குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும், அப்படி ஒரு கைராசி அவளுக்கு. புழு பூச்சி அடிபடக் கூடாதென்று விரலால்தான் மண்ணைக் கிளறுவாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரியான கணவர் பார்சுவநாதனுக்கு மட்டும் வாசலில் அவ்வளவு இடம் வீணாகிறதே என்ற குறை.

அறுபத்துநாலாம் வருஷம் தை மாதம் திருட்டு ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக ஆறு செடி, வேரோடு போயின. பக்கத்து ஊரான சிங்கவரத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் கோவிந்தசாமி துக்கம் விசாரிக்க வந்தார்.

"ஆடு மேஞ்சிருக்கும்மா."

"ஆடு வேரோடயாங்க மேயும்?" என்றாள்.

பார்சுவநாதன் முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு செடி போச்சுன்னா வாசல் முழுக்க சிமெண்ட் பூசிடுவேன். மல்லாட்டை காய வெக்கவாவது ஆவும்."

ஜ்வாலாமாலினி குழிகளை மூடாமல் விட்டுவிட்டு யோசித்தாள். போனதெல்லாம் சாயங்காலம்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுவது ஜைன வீட்டு வழக்கம். அந்த அரை மணி நேரம் வாசலில் ஈ காக்கை இருக்காது. அதை அறிந்த கை யாருடையது?

அடுத்து வந்தது சதுர்த்தசி, அவளுக்கு உபவாச நாள். கணவருக்குப் பரிமாறிவிட்டு, செம்பருத்திப் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வேலிப் படல் திறந்தது. முதலில் களைக்கொத்து வந்தது, அப்புறம் ஈரச் சாக்கு, அதன் பின்னால் கோவிந்தசாமி. ரோஜாவின் தூரில் கொத்து இறங்குமுன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஐயய்யோ! இந்நேரம் சாப்டுக்கினு இருப்பீங்களே!"

"இன்னிக்கு சதுர்த்தசிங்க. எனக்கு உபவாசம்."

ஏகாதசி விரதம் ஒன்று விடாதவர் சதுர்த்தசியில் கோட்டை விட்டார்.

சோற்றுக் கையோடு ஓடிவந்த பார்சுவநாதன் போலீசுக்குப் போகிறேன் என்று குதித்தார். "போலீஸ் வந்து செடி நடுமா?" என்று அடக்கினாள். பிறகு திருடன் பக்கம் திரும்பினாள். "காலைல ஆறு செடியும் வரணும். பகல்ல, கடைத்தெரு வழியா."

மறுநாள் சிங்கவரத்துப் புது வீட்டிலிருந்து மாட்டு வண்டியில் ஆறு செடியும் வந்தன. முன்னால் கோவிந்தசாமி தலையைத் தொங்கப் போட்டு நடக்க, கடைத்தெருவே வேலையை விட்டுப் பின்னால் வந்தது. வாசலில் அவர் மறுபடி களைக்கொத்தை எடுத்தார்.

"அதைக் கீழே வைங்க. புழு அடிபடும். விரலால நடுங்க."

மண்டியிட்டு விரலால் ஆறையும் நட்டார். ஜ்வாலாமாலினிக்கு மனசு குளிர்ந்து போயிற்று. அத்தனை பேர் முன்னால் கணவரைப் பார்த்து, "சிமெண்ட் எப்பங்க வருது?" என்றாள்.

பார்சுவநாதன் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஆறு செடிக்கும் அவர் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் அவள் உள்ளே போய் உபவாசத்தை முடித்தாள்.