இடப்பாதி காலியான திரை

மானாங் நெனிதாவை எங்கள் ஆபீஸில் யாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், வயதில் மூத்தவர்; மானாங் என்றால் அக்கா. பதினோரு வருடமாக எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்துப் பார்த்தே பிலிப்பைன்ஸின் இந்தச் செபு நகரத்தில் தன் இரண்டு மகள்களைப் படிக்க வைத்தவர். சமீபமாக நசுங்கல்களைக் கோட்டைவிட்டு நிறையத் திட்டு வாங்கினார்.

ஜூனில் புதுத் திரைகள் வந்தன. அடியில் சின்னக் கேமரா. கண் நிற்கிற இடத்தில் எழுத்து பெரிதாகும். கண் போகாத இடத்தில் இருப்பவற்றை, பார்க்கிற பக்கத்துக்கு அதுவே மெல்ல நகர்த்திவிடும். எங்களுக்குத் தலைவலிதான் மிச்சம். மானாங் மட்டும் ஒரே மாதத்தில் முதலிடம். சூப்பர்வைசர் ரோடெல் கேக் வாங்கி வந்தார்.

அன்று மூன்று மணிக்கு, சர்க்கரையில் வறுத்த வாழைப்பழம் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, விரலை நீட்டாமல் உதட்டைக் குவித்து மானாங்குக்குத் தட்டைக் காட்டினேன். திரும்பவில்லை. மறுபடி காட்டினேன்.

"என்ன மானாங், முதலிடம் வந்ததும் நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?"

"அடிப்பாவி, நீ எப்ப வந்த?"

நான் எங்கேயும் போயிருக்கவில்லை.

தட்டை வைக்கக் குனிந்தபோதுதான் அவர் திரையைப் பார்த்தேன். இடப்பாதி வெறுமை. பட்டியல், படம், பொத்தான் எல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"ஏன் இப்படி ஒதுக்கி வச்சிருக்கீங்க?"

"எதை? எல்லாருக்கும் இப்படித்தானே."

நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, இடப்பக்கமிருந்து என் கையை மெல்ல நகர்த்தினேன். மூக்குக்கு நேரே வரும்வரை, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ரோடெலிடம் போனோம். யார் கண் எங்கே போனது என்று திங்கட்கிழமைதோறும் அவருக்கு ஒரு படம் வரும்; கண் போகாத இடம் கறுப்பாக இருக்கும். மானாங்கின் படங்களில் முதல் வாரத்திலிருந்தே இடப்பாதி கறுப்பு.

"இதைப் பார்த்தீங்களா சார்?"

புருவத்தை மட்டும் உயர்த்தி ஆமாம் என்றார். பிறகு, "வேலை நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு," என்றார்.

மானாங் தன் முழங்கைக் காயத்தைத் தொட்டுப் பார்த்தார். போன வாரம் ஸ்கூட்டரில் போனபோது, எதிரே ஆள் ஏற்றிவந்த ஜீப்னி வண்டி உரசியது. 'எங்கேருந்து வந்தான்னே தெரியலைடி' என்று அன்றைக்குச் சிரித்திருந்தார். பின்னால் சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு மணிக்கு ஸ்கூல் வாசல்ல நிப்பா," என்றார்.

"நான் கூட்டிட்டு வரேன். அப்புறம் ஆஸ்பத்திரி. ஸ்கூட்டர் சாவியக் குடுங்க."

தன் மேஜைக்குப் போய்த் தேடினார். "இங்கதான் வச்சேன். யாருடி எடுத்தது?"

சாவி தட்டுக்கு இடப்பக்கம், அவர் கைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.