ராசமலருக்குப் போர்த்தாத பொன்னாடை

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் ஒரு கிரைண்டர் வாங்குவதென்றாலும் ராசமலரைக் கேட்டுத்தான் வாங்குவோம். டொக்டர் ஒருவரின் கிளினிக்கில் நேர்ஸாக இருக்கிறார். வாய் சும்மா இராது. கேட்டதற்கும் சொல்வார், கேட்காததற்கும் சொல்வார்.

அப்படிப்பட்டவரின் வாயை ஒரு சனிக்கிழமை கட்டிவிட்டார்கள். தனியார் சுகாதாரக் காப்புறுதிக் கொம்பனி ஒன்று எங்கள் தமிழ் மன்றத்தில் விளக்கக் கூட்டம் வைத்தது. வருகிறவர்களுக்குப் பிறஷர் பார்க்க ராசமலரைக் கூப்பிட்டார் மன்றத் தலைவர் ஸ்ரான்லி. டொக்டர் சம்மதித்தார், ஆனால் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். பிறஷர் பார்க்கலாம், நோய் வருத்தங்களைப் பற்றிக் கதைக்கலாம். எந்தக் காப்புறுதி நல்லதென்று மட்டும் வாய் திறக்கக்கூடாது, கொம்பனியிடம் ஒரு பேனைகூட வாங்கக்கூடாது. மீறினால் வேலை இல்லை. மீன் தொழிற்சாலையில் உழைத்துக்கொண்டே படித்துப் பிடித்த வேலை அது.

கொம்பனியிலிருந்து வந்த டெனிஷ் பெண்மணியைச் சனம் திரும்பியும் பார்க்கவில்லை. ராசமலரின் மேசையைத்தான் மொய்த்தது.

"பிள்ளை, நீ ஓம் எண்டு சொல்லு, நான் சைன் வைக்கிறன்," என்றார் மனோரஞ்சிதம் அக்கா.

"அக்கா, பிறஷர் கூடிப்போச்சு. உப்பைக் குறையுங்கோ."

"அதை விடு. இதை எடுக்கட்டோ, விடட்டோ?"

"ஊறுகாயையும் குறையுங்கோ."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குள் ஸ்ரான்லி ராசமலரை மேடைக்கு அழைத்தார். பொன்னாடை போர்த்தாமல் எங்கள் கூட்டம் எதுவும் முடிந்ததில்லை. அன்றைய பொன்னாடையைக் கொம்பனியே கொடுத்திருந்தது. ஸ்ரான்லி பெருமையோடு விரித்தார். கரை முழுக்கக் கொம்பனியின் பெயர். படம் எடுக்கப் போன்கள் உயர்ந்தன.

ராசமலரின் முகம் வெளிறிவிட்டது. போர்த்தினால் வேலை போகும். வேண்டாமென்றால் மன்றத்துக்கே அவமானம். மைக்கை வாங்கினார்.

"ஸ்ரான்லி அண்ணை, குறை நினையாதேங்கோ. இதைப் போர்த்தினா நான் கொம்பனிக்கு ஆள் பிடிக்கிறன் எண்டாகிடும். பிறகு நான் மருந்தைப் பற்றிச் சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டியள். எதை எடுக்கிறதெண்டு வீட்டை கொண்டுபோய் வாசிச்சு நீங்களே முடிவெடுங்கோ."

ஸ்ரான்லி கோபக்காரர், ஏசப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எத்தினையோ பேருக்குப் போர்த்தியிருக்கிறன். வேண்டாம் எண்டு சொன்ன முதல் ஆள் இவதான். எழும்பிக் கை தட்டுங்கோ!"

எழும்பினோம். கூரை பிளக்கத் தட்டினோம். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கொம்பனிப் பெண்மணிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ராசமலர் அழுதுகொண்டே சிரித்தார். கைதட்டல் வாங்கக்கூடாதென்று டொக்டர் சொல்லியிருக்கவில்லை.