காடிக்கு இடமில்லாத போர்ச்

எங்கள் வீட்டுப் போர்ச்சில், நாங்கள் காடி என்று சொல்லும் கார் நிற்பதில்லை. தாமான் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் என் கணவரிடம் காரணம் கேட்பார்கள். அவர் என்னைக் கைகாட்டுவார். காடி நனைந்தால் காய்ந்துவிடும், பலகை நனைந்தால் வளைந்துவிடும் என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்ப்பேன். போன வாரம் தச்சு மேசைக்கு மேலே இரண்டாவது விளக்கு மாட்டினேன். சுவரிலுள்ள கருவிப் பலகையை மட்டும் மாற்றவில்லை. அது அம்மாவுடையது.

அம்மா மூவாரில், நாற்காலி செய்யும் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகி பாசிர் கூடாங்குக்கு வந்தபின் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் போர்ச்சில் தன் மேசைமுன் நின்றுவிடுவாள். தொழிற்சாலையில் தூக்கியெறிந்த சரக்குப் பலகைகளால் அவளே செய்த மேசை. சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவியையும் வைத்துச் சுற்றிலும் மார்க்கரால் கோடு போட்டிருந்தாள். எது காணாமல் போனாலும் வெறுங்கோடு காட்டிக்கொடுத்துவிடும். சாயங்காலம் அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. பெரியப்பா புதுக் காடி வாங்கினார். பழையதை அப்பாவுக்குத் தரப்போவதாகச் தன் ஊரான செடெனாக்கிலிருந்து வந்து அறிவித்தார்.

"ஆயுத பூசையன்னைக்கு நானே ஓட்டிட்டு வரேன் தம்பி. போர்ச்ச காலி பண்ணிடு."

"அவ மேச இருக்கே, அண்ணே."

"பொம்பளைக்குப் பட்டறை எதுக்கு லா? சாமானெல்லாம் என் கொட்டகைல போட்டுக்கலாம்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "பூச போட்ட எடந்தாம்மா காடிக்கு எடம். அப்புறம் மாத்துனா ஆகாது. மேசய மறுபடி கொண்டாந்து வைக்கிற நெனப்பு வேணாம்."

"சரிங்க மாமா" என்றாள் அம்மா. கணவரின் அண்ணனை அவள் அப்படித்தான் அழைப்பாள். அந்தச் 'சரி'க்காக அவள்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர் போனதும் என் பள்ளிப் பையிலிருந்த மார்க்கரைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்; அந்தக் கோபத்தில் பூசை வரை பலகைப் பக்கமே போகவில்லை.

பூசைக்கு முதல்நாள் மேசைக்கால்களைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினாள். காலையில் போர்ச்சைக் கழுவி, கருவிகளைத் துடைத்து மேசைமேல் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் பலகையிலிருந்த ஒவ்வொரு கோட்டுக்கும் மேசையில் கருவி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு கோட்டுக்கு ஆள் இல்லை. வட்டமாக, கைப்பிடியோடு, பெரிதாக இருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் அடியிலும் சமையல் கேஸ் தோம்புக்குப் பின்னாலும் தேடினேன்.

"ஒண்ணு கொறையுதும்மா."

"தேடாத. வந்து பூ வை."

பூசை குறையாகிவிட்டது, இனிச் சாமியும் பெரியப்பா பக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஹாரன் கேட்டது. மாலை போட்ட காடி வாசலில் நின்றது. அம்மா அப்போதுதான் சூடம் ஏற்றியிருந்தாள்.

"என்னம்மா இது?"

"ஆயுத பூச மாமா. பூசைக்கு வச்சத நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதுல்ல? நீங்க சொல்லித் தந்ததுதானே."

"அலமாக்" என்று மெதுவாகத் திகைத்தார் பெரியப்பா. தம்பியைப் பார்த்தார். தம்பி மணியைச் சற்றுப் பலமாக ஆட்டினார். நல்ல நேரம் முடியப்போகிறது. வேறு வழியில்லாமல் எதிரே மரத்தடியில் காடியை நிறுத்தி, அங்கேயே பூசை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள்.

மறுநாள் காலை, பசியாறிவிட்டுப் பெரியப்பா எழுந்தார். "பூசதான் முடிஞ்சிருச்சே. மேசய எடுத்திடலாம்."

"பூச போட்ட எடந்தான் காடிக்கு எடம்னீங்களே, மாமா. மாத்துனா ஆகாதாமே."

"தம்பி, நீ வந்து ஒரு பக்கம் தூக்கு."

"தரையோட முறுக்கிட்டா, அண்ணே" என்றார் அப்பா. "ஸ்பேனரும் அவகிட்டதான் இருக்கு."

பெரியப்பா பஸ்ஸில் ஊருக்குப் போனார். காடி மரத்தடியிலேயே நின்று நிறம் மங்கியது.

நான் மட்டும் நிம்மதியில்லாமல் இருந்தேன். தினமும் சாயங்காலம், "இன்னும் கெடைக்கலம்மா" என்று ஒப்பிப்பேன். "வரும்" என்பாள். பல மாதங்கள் கழித்து, ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மார்போடு அணைத்தபடி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே புத்தம்புது மின்சார ரம்பம். மாட்டினாள். கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்தது.

தொலைந்தது திரும்பி வந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவந்தேன். மேசையை எடுக்கச் சொன்ன அன்றே என் மார்க்கரை அவள் எதற்குக் கேட்டாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.